பேக்கப்பிலிருந்து இரண்டாவது சேர்வர்: நெடுந்தீவில் கற்ற பாடம்

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஒரு ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். புத்தளத்தில் புதிதாக ஒரு கிளை திறக்கப் போகிறாராம். ஸலாம் சொல்லி நலம் விசாரித்த பின் அவர் கேட்ட கேள்வி இதுதான்.

"தம்பி, நாங்க ஒவ்வொரு கிழமையும் சேர்வரை பேக்கப் எடுக்கிறோம்தானே. அந்த டிஸ்க்கைக் கொண்டுபோய் புத்தளத்துல இன்னொரு மெஷின்ல அப்படியே ஏத்திட்டா, அதுவும் ரெண்டாவது சேர்வர்தானே? ஏன் இந்தப் பொடியன்மார் அதுக்கு மூணு நாள் கேக்கிறாங்க?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். "அப்படியே ஏற்றினால்" ஆகாது. ஆனால் அந்த பேக்கப் கோப்புகளை வித்தாக வைத்து இரண்டாவது சேர்வரை எழுப்பலாம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அறியாமல் ஒரு தடவை நெடுந்தீவு வரை போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான். அதை இங்கே எழுதுவது ஹாஜியாருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் டிரெக்டரி சேர்வர் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், யாருடைய பாஸ்வேர்ட் எது, யார் எந்தக் கோப்புறையைத் திறக்கலாம், எந்த பிரின்டரைப் பாவிக்கலாம் என்பதையெல்லாம் ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கும் பதிவேடுதான் அது. காலையில் ஊழியர் ஒருவர் கணினியைத் திறந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்ததும், அந்தக் கணினி இந்தப் பதிவேட்டிடம்தான் போய்க் கேட்கிறது. எமது நாட்டு அலுவலகங்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்டிவ் டிரெக்டரி. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் இயந்திரத்துக்கு டொமைன் கொன்ட்ரோலர் என்று பெயர்.

பதிவேடு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, ஒவ்வோர் உறுதியினதும் இரண்டாவது பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன்னர் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எமது நாட்டுச் சட்டம். கணினிக்காரர்கள் "ரெப்ளிகேஷன்" என்று பெரிய பெயர் வைத்திருக்கும் வேலையைத்தான் நொத்தாரிசுமார் மாதத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் செய்து வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, உறுதிகளை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வந்த எமது மக்களுக்கு, வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருப்பதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நெடுந்தீவுக்கு வருவோம்.

2016 ஆம் ஆண்டு. யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகம் கொண்ட ஒரு நிறுவனம் நெடுந்தீவில் கடலுணவுக் கொள்வனவு நிலையம் ஒன்றை நடத்தியது. அங்கே ஆறு கணினிகள். நிறை போடுவதும் சிட்டை எழுதுவதும் மீனவருக்குப் பணம் கொடுப்பதும் எல்லாம் கணினி வழியாகத்தான். ஆனால் பதிவேடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. தொடர்பு அறுந்தால் பொதுக் கோப்புறை திறக்காது, சிட்டை மென்பொருளும் ஆளை அடையாளம் காணாது. விண்டோஸ் கணினி கடைசியாக வந்த பத்துப் பேரை நினைவில் வைத்திருக்கும் என்பதால் உள்ளே நுழையலாம். நுழைந்த பின் வேலை ஒன்றும் நடக்காது. மீன் ஐஸ் பெட்டியில் இருக்கும், மீனவர் வெயிலில் நிற்பார், காசாளர் கையெழுத்தில் துண்டு எழுதிக் கொடுப்பார். மறுநாள் அந்தத் துண்டுகளில் பிரச்சினை வரும்.

ஆகவே தீவிலேயே பதிவேட்டின் பிரதி ஒன்றை வைப்பது என்று முடிவாகியது. வேலை என்னிடம் வந்தது.

வழமையாக இதைச் செய்யும் முறை எளிது. புதிய சேர்வரைக் கொண்டுபோய் வைத்து, "நீயும் டொமைன் கொன்ட்ரோலர் ஆகு" என்று சொன்னால், அது வலையமைப்பு வழியாகத் தலைமை அலுவலகச் சேர்வரிடமிருந்து முழுப் பதிவேட்டையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் தீவில் வந்த இணைப்பை நான் அளந்தபோது 256 கிலோபிட்தான் தேறியது. கொண்டுபோக வேண்டியதோ 1.4 ஜிபி. கணக்குப் போட்டால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் இணைப்பு அறாமல் நிற்கும் என்று அங்கே யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். ஆக, அந்தக் கடலில் கம்பியில்லா இணைப்பைவிடப் படகுதான் வேகமானது.

இதற்கென்றே மைக்ரோசொப்ட் ஒரு வழியை வைத்திருக்கிறது. விண்டோஸ் சேர்வர் 2003 காலத்தில் சேர்வரின் பேக்கப்பை எடுத்து, அதைப் புதிய இயந்திரத்தில் ஓரிடத்தில் விரித்து வைத்து, "பதிவேட்டின் பெரும்பகுதியை இங்கிருந்து எடு, மிச்சத்தை வலையமைப்பில் கேள்" என்று சொல்லலாம். 2008 பதிப்பிலிருந்து இன்னும் சுலபம். என்டிடிஎஸ் யூட்டில் என்ற கருவியில் ஐஎப்எம் என்ற பகுதிக்குப் போய் ஒரு கட்டளை கொடுத்தால், தேவையான கோப்புகளை மட்டும் ஒரு கோப்புறையில் கட்டித் தந்துவிடும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இரண்டு சேர்வரிலும் ஒரே விண்டோஸ் பதிப்பு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எம்மிடம் இரண்டும் 2012 ஆர்2.

மே 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை அந்தப் பிரதியை எடுத்தேன். அடுத்த வாரம் போவதாகத் திட்டம். சோளகக் காற்று தொடங்கியிருந்தது. போக எண்ணிய நாள் படகு ஓடவில்லை. பிறகு நோன்பு வந்தது. நோன்போடு அந்தக் கடலில் போய் ஒரு பகல் முழுவதும் வேலை செய்வதற்கு, உண்மையைச் சொன்னால், எனக்குத் தைரியம் வரவில்லை. பெருநாள் முடிந்து, வேறு வேலைகள் முடிந்து, ஓகஸ்ட் 2 ஆம் திகதி செவ்வாய்க்கிழமைதான் படகேறினேன். பிரதியின் வயது அன்று 74 நாட்கள். 180 நாள் வரை பாவிக்கலாம் என்று படித்திருந்தேன். அதனால் கவலைப்படவில்லை.

மாவிலித்துறையில் இறங்கி, பவளக்கல் மதில்களுக்கு இடையே ஓட்டோவில் போய் நிலையத்தை அடைந்தேன். சேர்வரை எழுப்பியதும் முதல் தலைவலி மணிக்கூடு. புதிதாக வாங்கிய பெட்டி என்றார்கள். உள்ளே இருந்த பட்டறி செத்துப் போயிருந்தது. அப்போது தீவில் மின்சாரம் தேசிய மின்வலையிலிருந்து வரவில்லை, அங்கேயே டீசல் இயந்திரத்தில் பிறப்பித்தார்கள். மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியின் மணிக்கூடு தன் இஷ்டத்துக்கு ஒரு நேரம் காட்டியது. எக்டிவ் டிரெக்டரியில் இரண்டு இயந்திரங்களுக்கு இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றையொன்று நம்பாது. தற்காலிகமாக நேரத்தைச் சரிசெய்து, தலைமை அலுவலகச் சேர்வரின் விலாசத்தை டிஎன்எஸ் இடத்தில் கொடுத்து, வேலையை ஆரம்பித்தேன். பிரதி இருக்கும் கோப்புறையைக் காட்டினேன்.

ஏற்க மறுத்துவிட்டது. பிரதி மிகப் பழையது என்றது.

74 நாள் எப்படிப் பழையதாகும்? தலைமை அலுவலகத்துக்கு அழைத்து ஒரு இலக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே 180 இல்லை, 60 இருந்தது. பிறகுதான் விளங்கியது. 2003 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலும் அதற்கு முந்திய விண்டோஸ் 2000 பதிப்பிலும் தொடங்கப்பட்ட டொமைன்களுக்கு அந்த எல்லை 60 நாள். பின்னர் வந்த திருத்தப் பதிப்புகளில் தொடங்கப்பட்டவைக்கு 180 நாள். இடையில் சேர்வரை எத்தனை தடவை புதுப்பித்தாலும், யாராவது கைவைத்து மாற்றாத வரை, பழைய 60 அப்படியே நிற்கும். அந்த நிறுவனத்தின் டொமைன் பழையது. எனக்கு முன் வந்தவர்கள் பெட்டியை மாற்றினார்கள், இலக்கத்தை மாற்றவில்லை. நானும் புறப்படுமுன் பார்க்கவில்லை.

இந்த 60, 180 என்பது என்ன? வாசகர்கள் இதை மட்டும் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

பதிவேடு பல இடங்களில் இருக்கும்போது ஒரு பெயரைச் சேர்ப்பது எளிது. "இன்னார் புதிதாக வந்திருக்கிறார்" என்று மற்ற இடங்களுக்குச் சொன்னால் சரி. ஒரு பெயரை அழிப்பதுதான் கடினம். ஓரிடத்தில் அழித்துவிட்டுச் சும்மா இருந்தால், மற்ற இடத்திலுள்ள பிரதி "உங்களிடம் இந்தப் பெயர் இல்லையே, நான் தருகிறேன்" என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் அழிக்கப்படும் பெயர் உடனே மறைவதில்லை. அதன் மேல் "இது இறந்துவிட்டது" என்று ஒரு மீஸான் கல் நட்டு வைக்கப்படும். அந்தக் கல்லைப் பார்த்து எல்லாப் பிரதிகளும் தத்தம் ஏட்டிலும் அந்தப் பெயரை அழித்துக்கொள்ளும். 60 நாளோ 180 நாளோ கழிந்த பின் கல்லும் அகற்றப்படும். அதற்குள் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்பது கணக்கு.

இப்போது என் டிஸ்க்கைப் பாருங்கள். மே 20 இல் எடுத்தது. மே 24 ஆம் திகதி அந்த நிறுவனம் ஒரு காசாளரைப் பண விவகாரம் ஒன்றில் நிறுத்தி, அன்றே அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து அழித்திருந்தது. ஜூலை மாதக் கடைசியில் அந்த மீஸான் கல்லும் போய்விட்டது. ஆனால் என் டிஸ்க்கில் அந்த மனிதர் உயிரோடு, தன் பாஸ்வேர்டோடு, பணம் கொடுக்கும் அதிகாரத்தோடு இருக்கிறார். அந்தப் பிரதியிலிருந்து தீவுச் சேர்வரை எழுப்பியிருந்தால், அவர் இறந்த செய்தியைத் தீவுக்குச் சொல்ல யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. யாழ்ப்பாணத்தில் இல்லாத ஒருவர் நெடுந்தீவில் இருப்பார். அவர் நெடுந்தீவுக் கணினி ஒன்றின் முன் உட்கார்ந்தால் கதவு திறக்கும்.

இயந்திரம் மறுத்தது இதனால்தான். அன்று அது எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விளங்கியும் எரிச்சல் வந்தது. நிலையப் பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றார். "அண்ணை, பின்னேரப் படகுக்கு இன்னும் நேரம் இருக்கு. வேற வழி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். வேறு வழி இருந்தது. நான் தொலைபேசியில் ஆலோசனை கேட்ட தொழில் நண்பர் ஒருவர், "தலைமை ஒபிஸ்ல அந்த 60ஐ 180 ஆக்கு. பிறகு ஏத்துக்கொள்ளும்" என்றார். உண்மைதான், ஏற்றுக்கொள்ளும். இலக்கத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் இலக்கத்தைக் கூட்டியதும் ஏற்கெனவே அகற்றப்பட்ட கற்கள் திரும்பி வந்து நிற்காது. இயந்திரத்தின் வாயை அடைத்ததாகத்தான் இருக்கும். எச்சரிக்கை போய்விடும், ஆபத்து அப்படியே இருக்கும்.

நான் மாற்றவில்லை. பொறுப்பாளரிடம் "பிழை என்னுடையது, அடுத்த செவ்வாய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குதுறைக்கு நடந்தேன். வழியில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு இருக்கிறது. சதுரச் சதுரமாகப் பொந்துகள் வைத்த கட்டடம். புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பியதாகச் சொல்வார்கள். அந்த ஒல்லாந்தரும் பழைய செய்தி கொண்டுவந்த புறாவை நம்பி ஏமாந்திருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டு போனேன்.

திரும்பும் படகில் இன்னொரு விடயம் உறைத்தது. மடியில் வைத்திருந்த அந்தச் சிறிய டிஸ்க்கில் நிறுவனத்தின் 140 ஊழியர்களுடைய பாஸ்வேர்டுகளும் மறைகுறி வடிவில் இருந்தன. முகாமையாளருடையதும் கணக்காளருடையதும் என்னுடையதும்கூட. அவற்றைத் திறப்பதற்கு வேண்டிய சாவியும் அதே கோப்புறையிலேயே, ரெஜிஸ்ட்ரி என்ற பகுதிக்குள் இருக்கிறது. டிஸ்க்கைப் பஸ்ஸில் தவறவிட்டிருந்தால், விடயம் தெரிந்த ஒருவருக்கு முழு நிறுவனத்தின் சாவிக்கொத்தும் கிடைத்திருக்கும். போகும்போது அதைச் சாப்பாட்டுப் பொதியோடு ஒரே பையில் வைத்திருந்தேன். பிட்லொக்கர் என்ற பூட்டுகூடப் போடவில்லை.

அதனால் இரண்டாம் தடவை எல்லாவற்றையும் மாற்றினேன். தீவு நிலையத்தில் சேர்வரை வைத்திருந்த அறைக்கு ஒழுங்கான பூட்டு இல்லை. ஐஸ் பெட்டி எடுக்க வருபவர்களும் அந்த வழியால்தான் போவார்கள். அத்தகைய இடத்துக்கு முழு அதிகாரமுள்ள டொமைன் கொன்ட்ரோலரை வைப்பது சரியல்ல. 2008 பதிப்பிலிருந்து "வாசிக்க மட்டும்" என்ற வகை ஒன்று உண்டு. அதில் பதிவேடு இருக்கும், ஆனால் அங்கிருந்து எதையும் மாற்ற முடியாது. நாம் அனுமதித்தவர்களின் பாஸ்வேர்ட் தவிர மற்றவர்களுடையது அங்கே இராது. அந்த வகைக்கு உரிய பிரதியை ஐஎப்எம் தனியாகவே கட்டித் தரும், இரகசியங்களை உருவி எடுத்துவிட்டு. படகில் கொண்டுபோவதற்கு அதுவே பொருத்தம். இருந்தும் இந்தத் தடவை பிட்லொக்கரும் போட்டேன்.

பிரதி ஏன் 1.4 ஜிபி என்றும் தேடிப் பார்த்தேன். பதிவேடு 300 எம்பி கூட இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் சிஸ்வொல் என்ற பொதுக் கோப்புறைக்குள் பிரின்டர் மென்பொருள், பழைய ஒபிஸ் தொகுப்பு என்று குப்பை போட்டு வைத்திருந்தார். அவற்றை வேறிடத்துக்கு மாற்றியதும் எல்லாம் சேர்ந்து 350 எம்பிக்குள் வந்தது. அந்த அளவை இணைப்பிலேயே மூன்று மணித்தியாலத்தில் இழுத்திருக்கலாம், இணைப்பு நின்றால். முதலே பார்த்திருந்தால் ஒருவேளை படகுப் பயணத்தையே தவிர்த்திருப்பேன். ஆனாலும் அந்த இணைப்பு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து நின்றதை நான் கண்டதில்லை.

ஓகஸ்ட் 9 ஆம் திகதி இரண்டு நாள் வயதுள்ள பிரதியோடும் சேர்வருக்கு ஒரு புதிய பட்டறியோடும் போனேன். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. பிரதியை உள்வாங்கிய பின், அந்த இரண்டு நாளில் நடந்த மாற்றங்களை மட்டும் யாழ்ப்பாணத்திடம் கேட்டு வாங்கியது. அதற்குச் சில நிமிடங்கள்தான். பேக்கப் கையில் இருந்தால் இணைப்பே வேண்டாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மெல்லிய இணைப்பாக இருக்கலாம், ஆனால் அந்த வேளையில் அது இருந்தே ஆக வேண்டும்.

பிறகு தீவின் கணினி விலாசங்களைத் தனி "தளம்" என்று பதிந்தேன். இதைச் செய்யாவிட்டால் பக்கத்தில் சேர்வரை வைத்துக்கொண்டே தீவுக் கணினிகள் கடல் கடந்து யாழ்ப்பாணத்திடம் போய்க் கேட்கும். தலைமை அலுவலகத்துக்கும் தீவுக்கும் இடையே மாற்றங்கள் பரிமாறும் இடைவெளி இயல்பாக 180 நிமிடம். அதை 60 ஆக்கினேன். பரிமாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும் ரெப்அட்மின், டிசிடயக் ஆகிய இரண்டு கருவிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

கடைசியாக ரவுட்டரை நிறுத்தினேன். இணைப்பு இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பார்ப்பதுதானே நோக்கம். நடக்கவில்லை! ஊழியர் ஆறு பேரின் பாஸ்வேர்டுகளையும் தீவுச் சேர்வரில் வைக்க அனுமதித்திருந்தேன், ஆனால் அந்த ஆறு கணினிகளுக்கும் பதிவேட்டில் சொந்தப் பெயரும் பாஸ்வேர்டும் உண்டு என்பதை மறந்துவிட்டேன். ஆளைத் தெரியும், ஆள் உட்கார்ந்திருக்கும் கணினியைத் தெரியாது என்றது சேர்வர். ரவுட்டரை மீண்டும் போட்டு, கணினிகளையும் பட்டியலில் சேர்த்து, பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே இறக்கிவிட்டு, மறுபடியும் நிறுத்திப் பார்த்தபோது சிட்டை அச்சாகியது. அல்ஹம்துலில்லாஹ். "வாசிக்க மட்டும்" வகையைப் போடுபவர்கள் அநேகமாக எல்லாரும் விடும் பிழை இது. இணைப்பை நிறுத்திப் பார்க்காமல் வீடு திரும்புபவர்களுக்கு, அது உண்மையாக அறும் நாளில்தான் தெரியவரும்.

ஆறு கணினிகளுக்கு இவ்வளவா என்று சிலர் நினைக்கலாம். இதே விடயம் உலகத்தின் மிகப் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்றை நெடுந்தீவின் நிலைக்குக் கொண்டுவந்த கதை ஒன்று உண்டு.

கொழும்புத் துறைமுகத்துக்குச் சாமான் இறக்கும் எமது இறக்குமதியாளர்களுக்கு மேர்ஸ்க் என்ற பெயரைத் தெரியாமல் இருக்காது. டென்மார்க் நிறுவனம். 2017 ஜூன் 27 ஆம் திகதி நொட்பெட்யா என்ற நாசகாரக் கணினிக் கிருமி உக்ரைனிலிருந்து பரவி, மேர்ஸ்க்கின் வலையமைப்பை உலகம் முழுவதும் முடக்கியது. பின்னர் அந்நிறுவனத் தலைவரே சொன்ன கணக்கின்படி 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டொலர் வரை.

அவர்களிடம் 150 அளவில் டொமைன் கொன்ட்ரோலர்கள் இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்பவை. ஒன்று போனால் மற்றது இருக்கிறதே என்ற நம்பிக்கையில், பதிவேட்டுக்கென்று தனியான பேக்கப் ஒன்றை வைத்திருக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எண்ணவில்லை. அழிந்தன. மற்ற சேர்வர்களின் தரவுகளை மீட்கலாம், ஆனால் யார் எவர் என்று சொல்லும் பதிவேடு இல்லாமல் ஒன்றையும் எழுப்ப முடியாத நிலை.

தேடித் தேடிக் கடைசியில் ஒன்று கிடைத்தது. ஆபிரிக்காவில், கானா நாட்டில். தாக்குதல் நடப்பதற்குச் சற்று முன் அங்கே மின்சாரம் தடைப்பட்டதால் அந்தச் சேர்வர் வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது. கிருமி அதைத் தொடவில்லை. மின்வெட்டை நாம் எப்போதும் திட்டித்தான் பழக்கம்! ஆனால் கானாவிலிருந்து இணைப்பு மிக மெல்லியது. நூற்றுக்கணக்கான ஜிபி கொண்ட பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்ப நாட்கள் பிடிக்கும். கையில் கொண்டுபோகலாம் என்றால், கானா அலுவலகத்தில் யாருக்கும் பிரித்தானிய விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்கு விமானத்தில் போய், அங்கே வந்த இன்னொருவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கையளித்தார். அது அங்கிருந்து இங்கிலாந்து போனது. அந்த டிஸ்க்கிலிருந்துதான் மேர்ஸ்க்கின் பதிவேடு மறுபடி எழும்பியது.

ஹாஜியாரின் "பொடியன்மார்" சிலர், "இரண்டு சேர்வர் இருந்தால் பேக்கப் எதற்கு?" என்றும் சொல்வார்கள். அவர்களிடம் இந்தக் கானாக் கதையைச் சொல்லலாம். பிரதிச் சேர்வர் நல்லதையும் பிரதி பண்ணும், கெட்டதையும் பிரதி பண்ணும். தவறுதலாக நூறு பெயரை அழித்தால் அடுத்த பரிமாற்றத்தில் புத்தளத்திலும் நூறு பெயர் அழியும். வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த பேக்கப் வேறு, ஓடிக்கொண்டிருக்கும் பிரதி வேறு.

எமது நாட்டிலும் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2023 ஓகஸ்ட் இறுதியில் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் கிருமியால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இயந்திரத்தோடு இணைந்திருந்த பேக்கப்பும் சேர்ந்து கெட்டுப் போக, அந்தக் காலப்பகுதிக்கு வெளியே கழற்றி வைத்த பேக்கப் இருக்கவில்லை. மென்பொருளும் பழையது, மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது.

சரி, ஹாஜியார் கேட்ட "அப்படியே ஏற்றினால்" என்பதற்கு வருகிறேன். முழுச் சேர்வரின் பேக்கப்பை இன்னொரு இயந்திரத்தில் விரித்து, கொழும்புச் சேர்வரும் ஓடிக்கொண்டிருக்க இதையும் ஓடவிட்டால், ஒரே பெயரில், ஒரே அடையாளத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். எக்டிவ் டிரெக்டரி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் இலக்கம் போடும், சிட்டைப் புத்தகத்தில் இலக்கம் போடுவது போல. பழைய பிரதியை எழுப்பினால் இலக்கம் பின்னால் போய்விடும். கொழும்பில் 5001 ஆம் சிட்டையில் ஒரு வாடிக்கையாளர், புத்தளத்தில் அதே 5001 இல் இன்னொருவர். மற்றச் சேர்வர்கள் "5001 ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டோம்" என்று இரண்டாவதைக் கேளாமலே விட்டுவிடும். பிழை என்று திரையில் ஒன்றும் வராமலே மாதக்கணக்கில் இரண்டு பதிவேடுகளும் வேறு வேறு பாதையில் போகும். கோஸ்ட் போன்ற மென்பொருளால் டிஸ்க்கை அச்சொட்டாகப் பிரதி எடுத்துப் போடுவதும் இதே வகைதான். ஐஎப்எம் முறையில் புத்தளச் சேர்வர் தனக்கென்று புதிய பெயரோடும் புதிய அடையாளத்தோடும் பிறக்கிறது. பேக்கப்பிலிருந்து எடுப்பது பதிவேட்டின் உள்ளடக்கத்தை மட்டும்.

மைக்ரோசொப்ட் பாவிக்காமல் லினக்ஸில் ஓபன்எல்டப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதே மாதிரித்தான். ஸ்லப்கெட் என்ற கட்டளையால் பதிவேட்டை எழுத்துக் கோப்பாக இறக்கி, மறு இடத்தில் ஸ்லப்எட் கட்டளையால் ஏற்றி, பிறகு பரிமாற்றத்தை ஆரம்பித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புத்தளத்துக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அங்கே எத்தனை கணினி, இணைப்பின் வேகம் எவ்வளவு என்று முதலில் அளக்கச் சொன்னேன். கொழும்பு–புத்தளம் இணைப்பு நன்றாக இருந்தால் டிஸ்க் காவும் வேலையே வேண்டாம், இரவில் நேரடியாக இழுக்கட்டும். இணைப்பு மெல்லியதென்றால் ஐஎப்எம். எடுக்குமுன் கொழும்புச் சேர்வரில் அந்த இலக்கம் 60 ஆ 180 ஆ என்று பார்க்க வேண்டும். கடையில் சேர்வர் வைக்கும் அறைக்குப் பூட்டு உண்டா என்பதைப் பொறுத்து எந்த வகை என்று தீர்மானிக்க வேண்டும். மூன்று நாள் கேட்டது அதிகமில்லை. இணைப்பை நிறுத்திப் பார்க்கும் சோதனைக்கு அதில் ஒரு நாள் வேண்டும்.

ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிஸ்க் கையிலயே இருக்கு தம்பி. இதையே பாவிக்கலாம்தானே?" என்றார்.

எப்போது எடுத்தது என்று கேட்டேன். டிஸ்க்கின் மேல் திகதி எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. யாரையோ கூப்பிட்டுக் கேட்பது கேட்டது. பிறகு சொன்னார்:

"போன நோன்புக்கு முந்தியாம்."

புதிதாக எடுக்கச் சொன்னேன். புதன்கிழமை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.